முதல் பைக்காக கிளாசிக் 350 எடுக்கலாமா?

உயரம் 5 அடி 3 அங்குலம், கியர் வண்டி பழக்கமில்லை, தினமும் கிண்டி வழியாக வேலைக்குப் போக வேண்டும், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் இப்போது வேண்டாம். அதன் எடை 195 கிலோ. ஓடும்போது தெரியாது, சிக்னலில் நின்று நின்று நகரும்போதும், பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதும்தான் தெரியும். நான் கனமான வண்டியில்தான் பழகினேன். மணல் கிடந்த திருப்பத்தில் ஊன்றிய கால் வழுக்கி, வண்டியோடு சாய்ந்தேன்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பைக் 112 கிலோதான். பழையது ஒன்று வாங்கி ஒரு வருஷம் ஓட்டுங்கள். கிளட்ச்சைப் பாதி விட்டு ஊர்வதும், முன் பிரேக்கை நிதானமாக அழுத்துவதும் கைக்கு வரட்டும். மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள முழுமுக ஹெல்மெட். அப்புறம், எந்த வண்டியானாலும் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.