ஹாலோவீன் தீமூட்டமும் மறுநாள் சாம்பலும்: டப்ளின் கேள்வி பதில்

தாலா வாசகர்: வீட்டுக்குப் பின்னால் புதருக்குள், ஹாலோவீன் தீமூட்டத்துக்காக, பேலட்டும் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) டயரும் சேர்கின்றன. யாரிடம் சொல்வது?

தெற்கு டப்ளின் கவுன்டி கவுன்சிலிடம், இன்றே. ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதி மாலை சொல்லிப் பயனில்லை. எந்தச் சாலை, லாரி எந்த வழியாக உள்ளே வரலாம், என்னென்ன பொருள், ஏறத்தாழ எத்தனை என்று சொல்லுங்கள். கேஸ் சிலிண்டரோ ஸ்பிரே டப்பாவோ கண்ணில் பட்டால் கட்டாயம் சொல்லுங்கள், நெருப்பில் அவை வெடிக்கும். நீங்களே போய்ப் பிடுங்க வேண்டாம். அள்ள வந்த ஊழியர்கள் மீதே கல் விழுந்திருக்கிறது. அதனால்தான் சில இடங்களுக்குக் கார்டா (அயர்லாந்துக் காவல்துறை) துணையோடு போகிறார்கள்.

லூகன் வாசகர்: கொல்லையில் சின்னதாக, பழைய பலகை மட்டும் எரிக்கலாமா?

கூடாது. பழைய பலகை சட்டப்படி கழிவு. 1996ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டமும் இதற்குப் பொருந்தும்.

ஒரு சாம்பல் மேட்டை அள்ள ஏன் இத்தனை செலவு அண்ணா?

அள்ளுவது சிறு வேலை. அதற்குள் கிடப்பதுதான் தொல்லை. ஒரு யூரோ பேலட்டில் (ஐரோப்பியத் தர அளவுப் பேலட்) 78 ஆணிகள், எடை சுமார் 25 கிலோ. நூறு பேலட் எரிந்தால் மரம் போய்விடும், 7,800 ஆணிகள் புல்லுக்குள் தங்கும். டயரில் ரப்பர் எரிந்தபின் எஃகுக் கம்பி சிக்கல் சிக்கலாகக் கிடக்கும். அது புல்வெட்டும் இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொள்ளும், நாயின் பாதத்தைக் கிழிக்கும்.

மேலே வெளுத்துக் குளிர்ந்து தெரியும் சாம்பலின் அடியில் மறுநாளும் தணல் இருக்கும். மேலாகத் தண்ணீர் ஊற்றினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். ஆகவே இயந்திரத்தால் புரட்டி, நனைத்து, மறுபடி புரட்ட வேண்டும். அழுத்தி நெரிக்கும் குப்பை லாரியில் ஏற்றவே கூடாது, லாரியே பற்றிக்கொள்ளும். இரும்பு ஸ்கிப்பில் (பெரிய திறந்த தொட்டி) போட்டு உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பழைய வேலிக் கம்பங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்த மரக்காப்பு மருந்து ஏறியிருக்கலாம் என்பதால் அந்தச் சாம்பல் உரத்துக்கும் ஆகாது. பிறகு ஆணிகளை இழுக்கும் காந்த உருளையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட வேண்டும், ஒரு முறை போதாது. கடைசியில் வெந்த மண்ணைச் சுரண்டிப் புது மேல்மண் போடுவார்கள். நவம்பர் குளிரில் விதை சரியாக முளைக்காது. மார்ச், ஏப்ரலில் விதைத்தால்தான் புல் பிடிக்கும்.

பட்டாசு எங்கே வாங்கலாம்?

அயர்லாந்தில் மத்தாப்பு போன்ற மிகச் சிறிய வகை தவிர மற்றதெல்லாம் உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். மேற்கொண்டு கார்டாவிடம் கேளுங்கள்.

பிளாஞ்சர்ட்ஸ்டவுன் வாசகர்: தடை போட்டும் ஆண்டுதோறும் எரிகிறதே. பெல்ஃபாஸ்ட் மாதிரி கவுன்சிலே ஏற்பாடு செய்தால் என்ன?

நல்ல கேள்வி. அங்கே புராட்டஸ்டன்ட் சமூகத்தினர் தீமூட்டும் ஜூலை 11 இரவுக்கு, சில இடங்களில் பிரமிடு வடிவக் கம்பிக்கூண்டில் வில்லோ மரச் சீவல் நிரப்பி, அடியில் மணல் பரப்பி எரிக்கிறார்கள். ஆணி இல்லை, டயர் இல்லை, தரையும் வேகாது. ஆனால் அதை ஏற்க முன்வரும் ஊர்க்குழு வேண்டும். இங்கே பேலட் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள், கையெழுத்துப் போட யாரும் இல்லை.

அதே வாசகர்: குழுவை உருவாக்குவதும் கவுன்சிலின் வேலைதானே? லாரி அனுப்புவது மட்டும் எப்படித் தீர்வாகும்?

அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். பிள்ளைகளுக்கு அன்று மாலை வேறு கொண்டாட்டம் இருந்தால்தான் லாரியும் பயன் தரும்.

இன்னொருவர்: எடுக்க எடுக்க வேறிடத்தில் ஒளிக்கிறார்களே, எதற்கு எடுப்பது?

ஒளித்ததெல்லாம் எரிமேடைக்கு வந்து சேராது. பள்ளி விடுமுறை வாரத்தில்தான் குவியல் வேகமாக வளரும், அதற்கு முன்பே எடுத்தால் மேடு சிறியதாகும். கடைக்காரர்கள் பேலட்டை இரவில் வெளியே விடாமல் பூட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கொல்லையில், ஒரு டிரம்முக்குள் எரித்தால்?

மேலே லூகன்காரருக்குச் சொன்னதேதான். டிரம்முக்குள் எரித்தாலும் அது கழிவுதான்.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாமா?

கருகிய இடத்துக்கு வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், சாம்பலின் அடியில் தணல் இருக்கும். புகை வந்தாலோ மரமோ வேலியோ பற்றினாலோ 112 அல்லது 999. வெறும் ஆணியும் கம்பியும் என்றால் கவுன்சிலைக் கூப்பிட்டு, காந்த உருளை ஓட்டியாயிற்றா என்று கேளுங்கள்.