நான் கேட்கக் கேட்க அவர் மௌனமாகிவிடுகிறார்

கேள்வி: எனக்கு 36 வயது. திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. எதையும் அன்றே பேசித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கணவரோ வாயே திறப்பதில்லை. விடாமல் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். எங்கள் குணம் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். உண்மையா, டாக்டர்?

பதில்: கலகலப்பானவரும் அமைதியானவரும் சேர்ந்து நன்றாக வாழலாம், அம்மா. இருவர் குணமும் ஒன்றுபோல் இருந்தால்தான் நிறைவு என்பதற்கு வலுவான சான்று இல்லை. திரும்பத் திரும்பத் தெரியவருவது வேறு: எளிதில் பதறுகிற, கவலைப்படுகிற, எரிச்சல்படுகிற சுபாவம் மணவாழ்வின் நிறைவைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1930களில் நிச்சயமான 300 ஜோடிகளை 1980 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதைக் காட்டியது. உங்கள் இருவரில் யாருக்காவது அந்தப் பதற்றம் தூக்கத்தையோ வேலையையோ கெடுக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது குணமல்ல, அந்தத் துரத்தல். நீங்கள் கேட்கிறீர்கள், அவர் ஒதுங்குகிறார். ஒதுங்குவதால் இன்னும் அழுத்திக் கேட்கிறீர்கள், அவர் இன்னும் விலகுகிறார். அவர் ஓடுவதால்தான் துரத்துகிறேன் என்பீர்கள்; துரத்துவதால்தான் ஓடுகிறேன் என்பார் அவர். இரண்டும் உண்மை. வெளியே கல்போல் இருப்பவருக்கு உள்ளே நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கலாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் யாருக்கும் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக ஏறாது. அலட்சியம் என்று நீங்கள் நினைப்பது பல நேரம் திணறல்தான்.

அதனால் சண்டை சூடேறும்போது நிறுத்திவிடுங்கள். ஆனால் நிறுத்துபவர் எப்போது திரும்பி வருவார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். “அரை மணி நேரத்தில் பேசுகிறேன்” என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் பதற்றம் பாதி அடங்கும். உடம்பு தணிய 20 நிமிடமாவது வேண்டும். அதற்குள் மனதுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தால் தணியாது. திரும்ப உட்காரும்போது “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்காதீர்கள். “நேத்து பதில் சொல்லாம போனது எனக்கு வலிச்சது” என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வீட்டில் அடியோ மிரட்டலோ இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது; முதலில் பாதுகாப்பான இடமும் உதவியும் தேடுங்கள். இல்லையென்றால், இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். சண்டை நடக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.