ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பு இதய நோயை எப்படித் தூண்டுகிறது?

இதயத் தமனி, பெருந்தமனி போன்றவற்றின் வெளிப்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் கொழுப்புத் திசு இது. வெறும் மெத்தை என்றே மருத்துவர்களும் நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மையில் இது ஓயாமல் சுரக்கும் திசு. நலமாக இருக்கும்போது அடிப்போநெக்டின் என்ற ஹார்மோன் போன்றவற்றைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. உடல் பருமனிலோ அழற்சி கண்டு, குழாயை இறுக்கிச் சுவரைக் கெடுக்கும் பொருள்களை அனுப்புகிறது. கொழுப்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே தடுப்பு கிடையாது. பொதுச்சுவர் வீடுகளில் ஒரு பக்க ஈரம் மறுபக்கம் ஊறுவது போலத்தான்.

ஊறல் எதிர்த்திசையிலும் உண்டு என்பதுதான் சுவாரசியம். அழற்சியுற்ற தமனி, அருகிலுள்ள கொழுப்புச் செல்களை முதிரவிடாது. அவற்றில் கொழுப்பு குறைந்து நீர் கூடும். இந்த மாற்றத்தை சி.டி. ஸ்கேனில் காணலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள்.

குழாய்க்குள் அடைக்கும் கொலஸ்ட்ரால் படிவு வேறு, வெளியே இருக்கும் இது வேறு. ஒல்லியானவர்களுக்கும் இது உண்டு.