கரண்ட் வைத்தபின் கெட்டுப்போகும் குடலுக்கு மருந்து உண்டா?

கேள்வி இதுதான்: புற்றுநோய்க்காக வயிற்றிலோ இடுப்பிலோ ரேடியேஷன் (நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்பார்கள்) எடுத்தவர்களுக்குக் குடல் பாதித்தால் மருந்தால் சரிசெய்ய முடியுமா? அணு விபத்தில் சிக்கியவர்களுக்கும் அதே மருந்துதானா?

முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் முடியும். ஆனால் "கதிர்வீச்சுக் குடலுக்கு இந்த மாத்திரை" என்று தனியாக ஒன்று கிடையாது. குடலில் எது கெட்டிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதற்கு மருந்து கொடுக்க வேண்டும். நான் மருத்துவர் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டவள். இந்த ஒரு விஷயம் புரிவதற்குள் அம்மா இரண்டு வருடம் தேவையில்லாமல் கஷ்டப்பட்டுவிட்டார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய். 25 நாள் கரண்ட் வைத்தார்கள், மொத்தம் 50 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. இது பலருக்கும் வருவதுதான். குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதற்கான ஸ்டெம் செல்கள் குடல்சுவரில் உள்ள சின்னச் சின்னக் குழிகளின் அடியில் இருக்கின்றன. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும் என்பதால் இவையும் சேர்ந்து அடிபடுகின்றன. பழைய தோல் உதிர்ந்த இடத்தில் புதுத் தோல் வர நேரமாகிறது. சிகிச்சை முடிந்து சில வாரங்களில் இது தானாக ஆறிவிடும்.

அதுவரை தாக்குப்பிடிக்க லோபரமைடுதான் முதல் மருந்து. முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் 2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மொத்தம் 16-ஐத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான வழக்கமான அளவு. அதற்கும் நிற்காவிட்டால் ஆக்ட்ரியோடைடு ஊசி. வந்த பிறகு இந்த ஊசி உதவுகிறது. வராமல் தடுக்க முன்கூட்டியே போட்டுப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் இல்லை. லாக்டோபேசில்லஸ் உள்ள புரோபயாடிக்கை ஆரம்பத்திலிருந்தே கொடுப்பதைச் சில வழிகாட்டுதல்கள் ஆதரிக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. குடல் அழற்சி என்றாலே மெசலசைன் வகை மாத்திரைதானே என்று தோன்றும். ரேடியேஷன் நடக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. அதே குடும்பத்து ஓல்சலசைனைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் வயிற்றுப்போக்கு கூடியதால், 1996-ல் முடிவு வெளியாகும் முன்பே பாதியில் நிறுத்திவிட்டார்கள். சல்ஃபாசலசைன் மட்டும் விதிவிலக்கு என்று வழிகாட்டுதல்களில் இருந்தது. 2016-ல் வெளியான ஆய்வு அதிலும் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. புண்ணின்மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் மருந்தை வாய்வழியாகக் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

சரி, இனி நாள்பட்ட பாதிப்பு. சிகிச்சை முடிந்து மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட வரும். இரண்டையும் கதிர்வீச்சுக் குடல் பாதிப்பு என்றே சொன்னாலும் இது வேறு நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடல்சுவரின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, சுவரே தழும்பேறி விறைத்துப்போகிறது.

அம்மாவுக்கு ஒரு வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. சாப்பிட்ட உடனே ஓட வேண்டும். ராத்திரியும் எழுப்பிவிடும். வெளியே கிளம்பினால் மாற்றுத்துணி இல்லாமல் போவதில்லை. அப்புறம் வெளியே கிளம்புவதையே நிறுத்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "ரேடியேஷன் எடுத்தால் இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ளுங்கள்" என்றார். நாங்களும் இரண்டு வருடம் பழகப் பார்த்தோம். உயிர் பிழைத்தது பெரிது, இதையெல்லாம் புகாராகச் சொல்லலாமா என்று அம்மாவுக்கே ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

வேறொரு குடல்நோய் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது: "ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகிறீர்களா? மலம் மஞ்சளாகத் தண்ணீர்மேல் மிதக்கிறதா?" இரண்டுக்கும் ஆமாம்.

அவர் சந்தேகப்பட்டது பித்த உப்பை. கொழுப்பைச் செரிக்க உதவும் இந்த உப்பில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போய்விடும். இடுப்புக்குக் கரண்ட் வைக்கும்போது அந்தப் பகுதி பெரும்பாலும் கதிர் விழும் எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. அது பழுதானால் பித்த உப்பு பெருங்குடலில் இறங்கி அங்கே தண்ணீர் சுரக்க வைக்கும். இதைப் பிடித்துவைக்கக் கொலஸ்டைரமின் என்று ஒரு தூள் இருக்கிறது. 4 கிராம் பொட்டலம். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. மெல்லிய மணலைக் கலக்கியது மாதிரி இருக்கும், உடனே குடிக்காவிட்டால் டம்ளர் அடியில் படிந்துவிடும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். நான்காவது நாள் விடிந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. பதறிப்போய் அறைக்குள் ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு முழு ராத்திரித் தூக்கம்.

இந்தத் தூள் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை இதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். அம்மா தைராய்டு மாத்திரை போடுகிறவர், அதற்கு இடைவெளி இன்னும் அதிகம் வேண்டும். அதனால் அது காலை 5 மணிக்கு, தூள் 10 மணிக்கு. தூள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொலசெவலம் என்ற மாத்திரை உண்டு. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதும் குடலின் அதே பகுதியில்தான். அம்மாவுக்கு அதுவும் குறைந்திருந்தது. ஊசி போட்ட பிறகு கால் எரிச்சல் தணிந்தது.

எல்லாருக்கும் பித்த உப்புதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். சிலருக்குச் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கும், அதற்கு ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாடிக். சிலருக்குக் கணைய நொதி போதாமல் இருக்கும். ஒருவருக்கே இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கலாம். லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2013-ல் லான்செட் இதழில் வந்தது. 218 நோயாளிகள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தை வரிசையாகத் தேடிச் சிகிச்சை தந்தபோது, வழக்கமான கவனிப்பைவிட நன்றாகத் தேறினார்கள். அந்த வரிசையைப் பயிற்சி பெற்ற நர்ஸ் பின்பற்றியபோதும் டாக்டர் பார்த்ததற்குச் சமமான பலன் கிடைத்தது.

மலத்தில் ரத்தம் போவது தனிக்கதை. ஆசனக்குடலில் புதிதாக முளைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிவதால் வருவது. வாயால் கொடுத்து உதவாத சுக்ரால்ஃபேட், இங்கே எனிமாவாக நன்றாக வேலை செய்கிறது. 1991-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், சல்ஃபாசலசைனும் ஸ்டீராய்டு எனிமாவும் சேர்ந்ததைவிட இது மேலாக இருந்தது. கேட்காவிட்டால் எண்டோஸ்கோப் வழியாக ஆர்கான் வாயுவால் சுடுவது, ஃபார்மலின் வைப்பது என்று இருக்கிறது. உயரழுத்த ஆக்சிஜன் பற்றி ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை: 2008-ல் வந்தது பலன் என்றது, 2016-ல் வந்தது இல்லை என்றது. ரேடியேஷன் எடுத்தவர் என்பதை எண்டோஸ்கோபி செய்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆசனக்குடலின் முன்சுவரில் பயாப்சி (சோதனைக்காகச் சதைத் துணுக்கு) எடுத்தால் ஆறாத புண்ணாகி ஓட்டை விழும் அபாயம் உண்டு.

இப்போது அணு விபத்து. அம்மாவுக்கு 50 கிரே கொடுத்தும் தாங்கினாரே என்று தோன்றலாம். அது ஒரே பகுதிக்கு, நாளுக்கு 2 கிரேயாகப் பிரித்துக் கொடுத்தது. உடல் முழுக்க ஒரே நேரத்தில் சுமார் 6 கிரேக்கு மேல் பட்டால் குடல்தோல் உரிந்து, நீர் இழப்பும் கிருமித் தொற்றும் வந்து, ஓரிரு வாரங்களில் உயிர் போய்விடக்கூடும். ஃபில்கிராஸ்டிம் மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கதிர்வீச்சு நோய்க்காக 2015-ல் அனுமதித்தது. ஆனால் அது எலும்பு மஜ்ஜையைக் காப்பாற்றத்தான். பொட்டாசியம் அயோடைடு தைராய்டை மட்டும் காக்கும். 1987-ல் பிரேசிலின் கோயானியா விபத்தில் கொடுத்த புரஷ்யன் புளூ, குடலுக்குள் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிடித்து வெளியேற்றுமே தவிர கெட்டுப்போன குடலை ஆற்றாது. குடலையே குணப்படுத்தும் மருந்தாக இந்த நோய்க்கு இன்னும் எதற்கும் எஃப்டிஏ அனுமதி இல்லை. சலைன், தாது உப்புகள், ஆன்டிபயாடிக், வாந்திக்கு ஆண்டன்செட்ரான் என்று தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தத் தொல்லை இருந்தால், ஒரு வாரம் எழுதிவையுங்கள்: எத்தனை முறை, ராத்திரி எத்தனை, மிதக்கிறதா, ரத்தம் உண்டா, எடை எவ்வளவு. அந்தத் தாளோடு போய், பித்த உப்பு, பாக்டீரியா, பி12 மூன்றையும் பார்த்தாயிற்றா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியாமல் இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், லோபரமைடும் போடாதீர்கள். தழும்பால் குடல் அடைத்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.