வாழைப்பழ வாசனை வரும் ஒயின்

கேள்வி: பிரான்ஸின் 'போஜொலே நூவோ' சிவப்பு ஒயினில் வாழைப்பழ வாசனை அடிக்கிறது. கெட்டுப்போனதா? எதனுடன் பரிமாறலாம்?

பதில்: கெடவில்லை. கமே திராட்சையை நசுக்காமல், கொத்துக் கொத்தாகவே தொட்டியில் கொட்டி, கரியமில வாயு சூழ நொதிக்க விடுகிறார்கள். பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்கும். அந்த வாசனை அதில் வருவதுதான். தோலோடு ஊறுவது சில நாட்களே என்பதால் துவர்ப்பும் குறைவு. வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ வந்தால்தான் பழுது.

பலரும் கோட்டை விடுவது வெப்பநிலையில். 12, 13 டிகிரி போதும். அறையில் இருந்த பாட்டிலை அந்த அளவு குளிரும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கு மேல் குளிர்ந்தால் மணம் அடங்கி, புளிப்பு மட்டும் நாக்கில் குத்தும். சூடாக இருந்தாலோ ஆல்கஹால் நெடிதான் முந்தும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றுவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை முகருங்கள். முதல் மடக்கில் லேசாகச் சுருக்கென்றால் அது மிஞ்சிய வாயு, சுழற்றினால் போய்விடும்.

உப்பும் கொழுப்பும் உள்ள உணவே இதற்குச் சரியான ஜோடி: பிரான்ஸின் லியோன் நகரப் பக்கத்து உலர் சாசேஜ், பன்றி இறைச்சி பாத்தே (அரைத்துச் சமைத்த இறைச்சிப் பண்டம்), வறுத்த கோழி, இளம் ஆட்டுப்பால் சீஸ். மிளகு தூக்கலான மாட்டிறைச்சி ஸ்டேக்குடன் வைத்தால் ஒயின் தண்ணீராகத் தெரியும்.

நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளியாகும் இதைச் சேமித்து வைக்காதீர்கள். அடுத்த கோடைக்குள் குடித்துவிடுங்கள்.