சைக்கிள் வீல் கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச பையனை எதுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல தள்ளுதீய?

அம்பாசமுத்திரத்துல இருந்து எழுதியிருக்க அக்கா, பையன் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான், மார்க் சுமார், அதுக்காக ஒண்ணும் குடி முழுகிப் போயிராது. ஆறுதல் இவ்வளவு தான். இனி சொல்லுதது உங்களுக்கும் பிடிக்காது, சென்னையில இருக்க உங்க தம்பிக்கும் பிடிக்காது.

மேனேஜ்மெண்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேக்க வயல அடகு வைக்கப் போறீயளாம். வேண்டாம்க்கா. கல்விக்கடன் வாங்குனா அவன் படிக்கும்போதே வட்டி ஏற ஆரம்பிச்சிரும், ஏழரை லட்சத்தத் தாண்டுனா சொத்து ஈடு கேப்பாக, பிடிக்காத படிப்புல பையன் அரியரா சேத்துக்கிட்டு நின்னா கடன் மட்டும் நிக்காம ஓடும். தம்பிக்கு அவ்வளவு ஆசைன்னா கடன் பத்திரத்துல ஜாமீன் கையெழுத்து போடுவாரான்னு ஒரு வார்த்த கேளுங்க. மத்தபடி பி.காம், டிஎன்பிஎஸ்சி கோச்சிங் எல்லாம் தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாக, நான் அதுக்குள்ள போகல.

எப்பப் பாரு தாத்தாவோட சைக்கிள் கடையில வீல் கோட்டம் எடுத்துக்கிட்டே, அதாவது கோணிப்போன சக்கரத்த நேராக்கிக்கிட்டே கெடக்கான்னு குறையா எழுதியிருக்கீயல்லா, நான் அதத்தான் பிடிச்சுக்கிடுதேன்.

நடுவுல இருக்க ஹப்பு, வெளி வளையமான ரிம்மு, ரெண்டையும் இணைக்குற போக்ஸ் கம்பி, இத மட்டும் கையில கொடுத்தா ஒரு வீல முழுசா கோத்து எடுக்கது லேசுப்பட்ட வேலை இல்ல. 36 ஓட்டை ஹப்னா ஒரு பக்கத்துக்கு 18 கம்பி, அதுல 9 கம்பியோட தலை உள்ள பாத்து, 9 வெளிய பாத்து, வழக்கமா ஒவ்வொண்ணும் மூணு கம்பியக் குறுக்க தாண்டிப் போகணும். கம்பி நீளம் ரெண்டு மில்லிமீட்டர் தப்புனா கம்பி நுனிய ரிம்முல இறுக்குற நிப்பிள் பிடிக்காது, இல்லன்னா ரிம்முக்குள்ள நீட்டிக்கிட்டு டியூபக் குத்தும். நிப்பிள ஒரு முழு சுத்து சுத்துனாலே கம்பி நகருதது அரை மில்லிமீட்டருக்கும் கம்மி, அதனால கால் சுத்து கால் சுத்தா தான் போகணும், அந்தப் பொறுமை எல்லாப் பயலுக்கும் வராது. கியர் சைக்கிள் பின் வீல்ல பல்சக்கரத்துக்கு எடம் விடணும், அதுனால வலது கம்பி குட்டையா ரொம்ப இறுக்கமா இருக்கும், இடது பக்கம் லூசா தான் இருக்கும், தெரியாதவன் ரெண்டையும் சமமா முறுக்கப் போயி வீல ஒரு பக்கமா இழுத்து வச்சிருவான். கம்பி அறுந்தா ரொம்ப முறுக்கிட்டான்னு சொல்லுவாக, பெரும்பாலும் நேர்மாறு தான், தளர்வா இருக்க கம்பி ஒவ்வொரு சுத்துலயும் தரைப்பக்கம் வரும்போது தளர்ந்து, மேல போகும்போது திரும்ப இறுகி, அப்படியே ஹப் பக்கத்து வளைவுல அசந்து அறுந்துரும். இதெல்லாம் உங்க பையனுக்குப் பாதி கைக்கே தெரிஞ்சிருக்கும், ஏன்னு தான் தெரியாது.

அம்பையில பஞ்சர் மட்டும் ஒட்டி ஒரு குடும்பம் ஓடாது, அத மறைக்க மாட்டேன். ஆனா டிஸ்க் பிரேக் வீலு, ஹப்புக்குள்ளயே மோட்டார் வச்ச பேட்டரி சைக்கிள் வீலு, கம்பி போட்ட வீல்சேர் சக்கரம், இதுக்கெல்லாம் கோத்து நேராக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். பழைய 28 இஞ்ச் ரிம்முல டயர் உக்காருற எடத்து விட்டம் 635 மில்லிமீட்டர், இப்ப ரோடு சைக்கிள்ல வர்றது 622, அதையும் சில பேரு 28னு தான் சொல்லுதாக, இந்த வித்தியாசம் தெரியாம டயர் மாத்தப் போயி முழிக்கிறவுக எத்தனையோ பேரு.

அதுக்காக படிப்ப விடச் சொல்லல. திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐல ஃபிட்டர் படிப்பு ரெண்டு வருஷம், பத்தாம் வகுப்பு போதும், மில்லிமீட்டருக்குள்ள அளக்கவும் அராவவும் உக்காத்தி வச்சு கத்துக்கொடுப்பாக, அரசு ஐடிஐல பயிற்சிக் கட்டணமும் கெடையாது, சைக்கிள் கூட இலவசமா குடுப்பாக, அத அவன் மொத நாளே பிரிச்சிப் பாப்பான். பொறவு மனசு மாறுனா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். லீவு நாள்ல தாத்தா கடையோட நிக்காம பாளையங்கோட்டையில கியர் சைக்கிள் பாக்குற கடை ஒண்ணுல கூட நிக்கட்டும், சம்பளம் கேக்காதீங்க, பழைய வீல பிரிச்சு திரும்பக் கோக்க விடுவாகளான்னு மட்டும் கேளுங்க.

அவன்ட்ட கேக்காம எதுக்கும் அட்வான்ஸ் கட்டிராதீங்க. மார்க் ஷீட்டு, டிசி, சாதிச் சான்று மூணையும் இந்த வாரமே எடுத்து வச்சுக்கிடுங்க, ஐடிஐ விண்ணப்பத்துக்குத் தேதி முடிஞ்சிரும்.