நடிகர் குடும்பத்தில் பிறக்காத ஒருவர் கபுகி மேடையில் முதல் வரிசைக்கு வந்தது உண்டா?

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் நடிகர்களின் பெயர்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று எண்ணிட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு, வெளியிலிருந்து வந்தவனுக்கு அங்கே இடமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைத்திருக்கிறது. அதுவும் பரம்பரைப் பெருமை கொடிகட்டிப் பறந்த 18ஆம் நூற்றாண்டிலேயே. அவர் பெயர் நகமுரா நகாஸோ. 1736இல் பிறந்து 1790இல் மறைந்தவர். அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன், நான் அவரிடம் வந்து சேர்ந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்காக டோக்கியோவில் சில ஆண்டுகள் இருந்தேன். கின்ஸா பகுதியில் இருக்கும் கபுகி-ஸா அரங்கில், நாள் முழுக்க நடக்கும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியை மட்டும் பார்க்கக் குறைந்த விலையில் டிக்கெட் தருவார்கள். இடம் நான்காம் மாடியில். அப்படி ஒருநாள் ஏறிப் போய் உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருந்தது ‘கனதெஹோன் சூஷிங்குரா’ நாடகத்தின் ஐந்தாம் அங்கம். என் ஜப்பானிய மொழி அறிவு கடைகளில் பணம் கொடுத்து வாங்கும் அளவுக்குத்தான்.

இரவு, மழை, மலைச்சாலை. ஒரு கிழவர் வைக்கோல்போர் அருகே ஒதுங்கி, மடியிலிருந்த பணப்பையை எடுத்துப் பார்க்கிறார். வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கை நீண்டு பையைப் பறிக்கிறது. கிழவர் குத்துப்பட்டுச் சாகிறார். வைக்கோலை விலக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வருகிறான். கறுப்புப் பட்டாடை, தொடை தெரிய மேலே செருகியிருக்கிறான். முகம், கை, கால் எல்லாம் வெள்ளை அரிதாரம். ஈரம் சொட்டும் கூந்தலைப் பிழிகிறான், வாளில் படிந்த இரத்தத்தைத் துடைக்கிறான், இருட்டில் பணத்தைத் தடவித் தடவி எண்ணுகிறான். பிறகு அடித்தொண்டையில் இரண்டே சொல்: “கோஜூ ரியோ.” ஐம்பது ரியோ, ஐம்பது பொற்காசு. கடைக்குப் போய் எண்கள் கற்றிருந்த எனக்கு அது புரிந்தது. அந்த அங்கம் முழுவதிலும் அவன் பேசுவது அவ்வளவுதான். ஒரு காட்டுப்பன்றி ஓடிவருகிறது, ஒதுங்குகிறான், வேட்டுச் சத்தம். பன்றிக்கு வைத்த குண்டு அவன் மேல் பாய்கிறது. வாயிலிருந்து வழிந்த சிவப்பு, வெள்ளைத் தொடையில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. விழுந்து சாகிறான்.

மேடையில் அவன் இருந்தது சில நிமிடங்கள்தான். ஆனாலும் மொழி தெரியாத எனக்கு அவனை முழுசாகத் தெரிந்துவிட்டதாகத் தோன்றியது. நல்ல இடத்தில் பிறந்து கெட்டுப்போனவன், அழகன், இரக்கமில்லாதவன், பசித்தவன். பக்கத்தில் இருந்த பெரியவர் இடைவேளையில் ஆங்கிலமும் சைகையும் கலந்து ஒன்று சொன்னார்: ஒரு காலத்தில் இந்த அங்கம் வந்தால்தான் ஜனங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள், அதற்குச் ‘சாப்பாட்டு அங்கம்’ என்றே பெயர், நகாஸோ வந்தார், அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. அன்று கேட்ட அந்தப் பெயரை அதன்பின் நான் விடவில்லை.

நகாஸோவை ஒரு நடன ஆசிரியையும் பாட்டுக்காரரான அவர் கணவரும் சிறு குழந்தையாகத் தத்தெடுத்து வளர்த்தார்கள். வளர்ப்புத் தாய் ஷிகாயாமா என்ற நடன மரபைச் சேர்ந்தவர். ஆகவே அரங்கத்தின் வாசலில் வளர்ந்தார் என்று சொல்லலாமே தவிர, உள்ளே அவருக்கென்று ஒரு நாற்காலி காத்திருக்கவில்லை. நகமுரா தென்குரோ என்ற நடிகரிடம் சீடராகச் சேர்ந்து அந்தக் குடும்பப் பெயரைப் பெற்றார். இளம் வயதில் சில காலம் மேடையை விட்டு விலகிப் போய்விட்டுத் திரும்பியும் வந்தார். திரும்பி வந்தவன் எங்கிருந்து தொடங்குவான்? அடியிலிருந்துதான்.

அந்த அடி எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் அவர் ஏறிய உயரம் புரியும். எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசு உரிமம் பெற்ற பெரிய நாடக அரங்குகள் மூன்றே: நகமுரா-ஸா, இச்சிமுரா-ஸா, மொரிதா-ஸா. நடிகர்களைச் சமூகம் ‘ஆற்றங்கரை ஆட்கள்’ என்று இழிவாகப் பேசியது. அவர்களின் உடையையும் இருப்பிடத்தையும் அரசு கட்டுப்படுத்தியது. அதே நகரம் அவர்கள் படம் அச்சிட்ட தாள்களை வாங்கிக் குவித்தது. அரங்குக்குள்ளேயும் படிநிலைகள் உண்டு. கடைசிப் படியில் இருப்பவர்களுக்கு ‘இனாரி-மச்சி’ என்று பெயர். கூட்டத்தில் ஒருவராக நிற்பதும், மேடைக் குதிரைக்குக் காலாக இருப்பதும் அவர்கள் வேலை. உச்சியில் இருப்பவர்கள் ‘நதாய்’, அரங்க வாசலில் பெயர்ப்பலகை பெறும் தகுதி உள்ளவர்கள். கீழிருந்து நதாய் வரை ஒருவர் ஏறுவது அபூர்வத்திலும் அபூர்வம். நகாஸோ ஏறினார். அவர் திறமையை அடையாளம் கண்டு தூக்கிவிட்டவர், அன்றைய எடோ மேடையின் மாமன்னர் நான்காம் இச்சிகாவா தன்ஜூரோ. தன்ஜூரோ தன் வீட்டில் நடிகர்களைக் கூட்டி வைத்து நடிப்பைப் பற்றிப் பேசவும் பயிலவும் ஒரு வட்டம் நடத்தினார். பரம்பரையின் உச்சியில் இருந்தவரே பரம்பரை இல்லாதவனுக்குக் கை கொடுத்தார். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். குடும்பப் பெயர்களைக் குற்றம் சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1766இல் இச்சிமுரா-ஸாவில் சூஷிங்குரா. அப்போது நகாஸோவுக்கு முப்பது வயது. 1701இல் தொடங்கி 1703இல் முடிந்த ஒரு உண்மைச் சம்பவத்தின் மேல் எழுந்த நாடகம் இது. எஜமானுக்காக 47 சாமுராய்கள் பழி வாங்கிய கதை. நடப்புச் சம்பவங்களை மேடையேற்ற அரசு விடாது என்பதால் காலத்தையும் பெயர்களையும் மாற்றி, 1748இல் ஒசாக்காவில் முதலில் பொம்மலாட்டமாக ஆடினார்கள். உடனே கபுகி அதை எடுத்துக்கொண்டது. பதினோரு அங்கங்களில் பெரிய நடிகர்களுக்கு எத்தனையோ வேடங்கள். நகாஸோவுக்குக் கிடைத்தது ஐந்தாம் அங்கத்தின் திருடன் ஓனோ சதாகுரோ, அது ஒன்று மட்டும். நாடக ஆசிரியர் கனாய் சன்ஷோவுக்கு அவர் மேல் இருந்த கோபம்தான் காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெயர்ப்பலகை ஏறிய நடிகருக்குச் சாப்பாட்டு நேரத்து வேடம் என்றால், அவமானம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை.

அதுவரை சதாகுரோவை எப்படி ஆடினார்கள்? முகத்தைச் சிவப்பாகப் பூசிக்கொண்டு, பஞ்சு வைத்துத் தைத்த தடித்த உடை, தலையில் முக்காடு, காலில் துணிக்கட்டு. கண்டாலே காட்டுக் கொள்ளைக்காரன். கூட்டம் நிமிர்ந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

நகாஸோ செய்தது மிக எளிமையான காரியம், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இவன் யார் என்று கேட்டார். விடை நாடகத்திலேயே இருந்தது. சதாகுரோ காட்டுவாசி அல்ல. பிரபுவின் மூத்த அதிகாரிகளில் ஒருவரான ஓனோ குதாயுவின் மகன். எஜமானின் வீடு அழிந்ததும் வழிதவறிப் போன சாமுராய் வாலிபன். வீட்டை விட்டுக் கிளம்பியபோது போட்டிருந்த நல்ல உடை ஒன்று அவனிடம் இருக்கும். அதைத்தான் மழையிலும் போட்டிருப்பான். சவரம் செய்ய வேண்டிய முன்னந்தலையில் முடி வளர்ந்துகிடக்கும். பதினெட்டு ஆண்டுகளாக எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்த செய்தி இது.

அப்படிப் பிறந்ததுதான் கறுப்புப் பட்டு, வெள்ளை உடல், சிவப்பு அரக்கு பூசிய வாளுறை, கிழிந்த குடை. இந்தக் கோலம் மனதில் தோன்றியதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். வழி தெரியாமல் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் மழைக்கு ஒரு நூடுல்ஸ் கடையில் ஒதுங்கியபோது, நனைந்த கறுப்பு உடையோடு ஒரு ஏழைச் சாமுராய் கிழிந்த குடையை வீசிவிட்டு உள்ளே வந்தானாம். அவன் உடையை உதறித் தண்ணீரைப் பிழிந்த விதத்தைப் பார்த்து, இதோ என் சதாகுரோ என்று தெரிந்துகொண்டாராம். முதல் நாள் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு சொட்டச் சொட்ட மேடைக்கு வந்தார், கூட்டம் கைதட்டக்கூட மறந்து உறைந்துபோனது, தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஊரை விட்டே போகக் கிளம்பிவிட்டார், வழியில் ஜனங்கள் தன்னைப் புகழ்வதைக் கேட்டுத் திரும்பினார் என்று கதை போகிறது. ரகுகோ என்னும் கதைசொல்லும் கலையில் இது அவர் பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற உருப்படி. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்ந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. மழையில் நனைந்த ஒரு ஆளைப் பார்க்கத் தெரிந்தவர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது, அது போதும்.

அந்த ஒப்பனை கண்ணில் அப்படித் தைப்பதற்கு அன்றைய அரங்கமும் உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மின்விளக்கு இல்லாத காலம். பகல் வெளிச்சத்தை நம்பி, காலையிலிருந்து மாலை வரை ஆடுவார்கள். மங்கலான கூடத்தில் கறுப்பு ஆடை பின்னால் அடங்கிவிட, வெள்ளைக் கையும் காலும் முகமும் மட்டும் எழுந்து நின்றிருக்கும். இன்னொன்று, அவர் நடனக்காரர். குழந்தைப் பருவத்திலிருந்து வளர்ப்புத் தாயிடம் ஆட்டம் பயின்ற உடல். வசனம் குறைவு என்பது மற்றவருக்குத் தண்டனை; கை நீட்டுவதையும் கழுத்தைத் திருப்புவதையும் வைத்தே பேசத் தெரிந்தவருக்கு அது திறந்த வெளி. கோபத்தில் கொடுத்த வேடம் அவருக்கென்றே அளந்து தைத்ததுபோல அமைந்துவிட்டது.

இந்தச் சின்ன வேடம் கதையில் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஐம்பது ரியோ, கிழவரின் மகள் ஒகாரு தன்னையே கியோட்டோவின் கேளிக்கை விடுதிக்கு விற்றுக் கொடுத்த பணத்தில் பாதி. கணவன் கம்பேய் பழிவாங்கும் கூட்டத்தில் மறுபடி சேர வேண்டும் என்பதற்காக விற்றாள். துப்பாக்கியால் சுட்டவன் அதே கம்பேய். பன்றி என்று நினைத்துச் சுட்டு, இருட்டில் பிணத்தைத் தடவி, பணத்தை எடுத்துப் போகிறான். மறுநாள் மாமனாரின் பிணம் வந்ததும், தானே அவரைக் கொன்றுவிட்டதாக நம்பி வயிற்றைக் கிழித்துக்கொள்கிறான். பிறகுதான் பார்க்கிறார்கள், கிழவர் உடலில் இருப்பது வாள்காயம், குண்டுக்காயம் அல்ல. சதாகுரோ மனதில் நிற்காவிட்டால் ஆறாம் அங்கத்தின் இந்தத் துயரம் பாதியாகிவிடும். நகாஸோவின் சதாகுரோ தனக்குப் பெயர் வாங்கியதோடு நிற்கவில்லை, நாடகத்தையும் நிமிர்த்தியது.

பிறகு அவருக்கு ஏற்றம்தான். ஓவியர் கட்சுகாவா ஷுன்ஷோ கறுப்பு ஆடையும் கிழிந்த குடையுமாக அவரை மர அச்சுப் படமாக வரைந்தார். அந்தத் தாள்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வில்லன் வேடங்களிலும் நடன நாடகத்திலும் 1780களில் எடோவின் முன்னணியில் நின்றார். வளர்ப்புத் தாயின் ஷிகாயாமா மரபுக்கும் தலைமை ஏற்றார். 1784இல், இச்சிமுரா-ஸாவுக்குப் பதிலாக உரிமம் பெற்றிருந்த கிரி-ஸா அரங்கில் அவர் ஆடிய ‘செக்கி நோ தோ’ இன்றும் மேடையேறுகிறது. பனி பொழியும் ஒரு சோதனைச் சாவடி, பருவம் தப்பிப் பூத்து நிற்கும் ஒரு செர்ரி மரம், அதன் கீழ் ஒரு எளிய காவல்காரன். பெரிய கிண்ணத்தில் மதுவை ஊற்றிக் குடிக்கப் போகிறவன், அதில் விண்மீன்களின் நிழலைப் பார்த்து, அரசைக் கவிழ்க்க நல்ல நேரம் வந்துவிட்டதாக அறிகிறான். அவன் காவல்காரன் அல்ல, மாறுவேடத்தில் இருக்கும் சதிகாரன் குரோனுஷி. வேண்டுதல் பலிக்க மரத்தை வெட்டக் கோடரி தூக்கும்போது மரத்தின் ஆவி பெண்ணாக இறங்கி வருகிறது. அந்த ஆவியை ஆடியவர் மூன்றாம் செகாவா கிக்குனோஜோ, பெண் வேடத்தில் அன்று ஈடு இல்லாதவர். கோமாளித்தனமாகத் தொடங்கிப் பயங்கரமாக முடியும் அந்த ஒரே பாத்திரத்துக்குள் நகாஸோவின் முழுத் திறமையும் இருக்கிறது. சதாகுரோவை மட்டும் பேசிவிட்டு இதை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

அவர் நாட்குறிப்பும் தன் வாழ்க்கையைப் பற்றிய குறிப்பும் எழுதி வைத்துவிட்டுப் போனார். நடிகனை மனிதனாகவே மதிக்காத காலத்தில், தன் வாழ்க்கை எழுதத் தக்கது என்று நினைத்தாரே, அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உங்கள் கேள்வியின் இன்றைய பாதிக்கும் ஒரு வார்த்தை. பரம்பரையில் பிறக்காத இளைஞர்களுக்காக ஜப்பானின் தேசிய அரங்கம் 1970 முதல் கபுகிப் பயிற்சி நடத்துகிறது. அதில் தேறி வந்தவர்கள் இல்லாமல் இன்று கபுகி நடக்காது. ஆனால் பெரும்பாலோர் நிற்பது துணை வேடங்களில்தான். தலைமை வேடங்கள் இன்னும் பெரிய குடும்பங்களிடம்தான். சதாகுரோ வேடமோ, ஒரு காலத்தில் தண்டனையாகக் கொடுத்த அதே வேடம், இப்போது அந்தக் குடும்பங்களின் முன்னணி நடிகர்கள் விரும்பி ஏற்பது. ஆடை நகாஸோ போட்ட அதே கறுப்பு.

நான் பார்த்த அன்று, காட்டுப்பன்றித் தோலுக்குள் குனிந்து மேடையைக் குறுக்கே கடந்து ஓடியவர் யார் என்று எனக்குத் தெரியாது. முகமே தெரியாத வேடம் அது. சதாகுரோ விழுந்ததும் அரங்கம் ஆர்ப்பரித்தபோது, அந்தப் பன்றிக்கும் சேர்த்துத்தான் கைதட்டினேன்.